தண்ணீர் நிறையும் நாள்

பண்டமாரான், கிள்ளான்.
11.07.2025, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கரத்தினம் அக்காவுக்கு,

கிள்ளானிலிருந்து புஷ்பவல்லி எழுதுகிறேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மகன் ஐங்கரனும் இப்போது, இந்த நிமிஷம், எங்கள் மாடி அறையில்தான் இருக்கிறான். அவன் நடக்கிற சத்தம் தலைக்கு மேலே கேட்கிறது. இதை முதலில் எழுதிவிட்டேன். கீழே வருவதைப் படிக்கும்போது உங்களுக்குப் பதறும். அப்போது மறுபடி மேலே வந்து இந்த வரிகளைப் படித்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல் தபாலில் போடாமல் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் ஷெல் விழுந்ததில் போன காது உங்களுக்கு. பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லி அவர்கள் உங்கள் காதில் கத்துகிற விஷயமும் இல்லை இது.

நீங்கள் அனுப்பிய மிளகாய்த்தூள் வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய வழிய மூன்று நாள் அதையே கேட்டுச் சாப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் குடலை எதில் செய்திருக்கிறார்கள் என்று ஐங்கரனைக் கேட்டேன். அதற்கும் ஓம் அன்ரி என்றான். எதற்கெடுத்தாலும் ஓம்தானே உங்கள் பிள்ளைக்கு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு வாசலில் நின்று, காலேஜில் படிக்க வந்திருக்கிறேன், ரூம் வாடகைக்கு இருக்கா அன்ரி என்று கேட்டவன். எங்களுக்குப் பிள்ளை இல்லாத வீடு. அவன் வந்த பிறகுதான் இரண்டு பேருக்கு மேல் சோறு வடிக்கிறேன்.

போன கடிதத்தில், பிள்ளை கடல் பார்த்து நாளாச்சு, வல்வெட்டித்துறையில் பிறந்தவன், எங்காவது தண்ணீரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு தங்கச்சி என்று கேட்டிருந்தீர்கள். அக்கா சொல்லி நான் செய்யாமல் இருப்பேனா. பள்ளிக்கூடக் கெண்டினில் எனக்கு ஞாயிறு லீவு. போன ஞாயிறு கெத்தாம் தீவுக்கு அழைத்துப் போனேன்.

போர்ட் கிள்ளான் ஜெட்டியிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. நூறு வருஷத்துக்கு மேலாகச் சீனர்கள் வாழும் ஊர். தீவு என்றுதான் பேர், கால் வைக்க மண் கிடையாது. வீடு, பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாமே சேற்றில் கால் நட்டு அதன் மேல் நிற்கின்றன. தெரு என்பது பலகையும் சிமெண்டும் போட்ட பாலம். கார் இல்லை, சைக்கிள்தான். வாசலுக்கு வாசல் சிவப்புச் சாமி மாடம், ஊதுபத்தி. ஓர் ஆன்டி வீட்டு முன்னால் இறால் காயப் போட்டுக்கொண்டே மலாயில் என்னை விசாரித்தாள். மகனா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நானும் சைக்கிள் எடுத்தேன் அக்கா. என் உடம்பை நீங்கள் படத்தில் பார்த்திருக்கிறீர்கள். பலகைப் பாலம் கிரீச் கிரீச் என்றது. அன்றைக்கு முழுக்க ஐங்கரன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மற்ற நேரமெல்லாம் அவன் ஊரைப் பார்க்கவில்லை. போகும்போதே குளிர்சாதனம் போட்ட உள்ளறையில் உட்காராமல் பின்னால் படகோட்டியிடம் போய் நின்றான். எந்த எஞ்சின், எத்தனை லிட்டர் எண்ணெய் பிடிக்கும் என்று கையால் ஜாடை காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். உன் வயதில் பிள்ளைகள் பெண்களை விசாரிப்பார்கள், நீ எஞ்சினை விசாரிக்கிறாய் என்று கேலி செய்தேன். தீவில் வீட்டுத் தூண்களில் தண்ணீர் ஏறி இறங்கிய கறுப்புக் கோடு இருக்கும். ஒவ்வொரு தூணாகக் குனிந்து அந்தக் கோட்டில் கை வைத்துப் பார்த்தான். மதியம் நண்டு வாங்கிக் கொடுத்தேன். பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது, தண்ணீர் எந்த நாளில் நிறைய வரும் என்று கடைக்கார அங்கிளிடம் கேட்டுச் சொல்லுங்கள் அன்ரி என்றான். அவனுக்கு மலாய் இரண்டு வார்த்தைதான் வரும். நான்தான் கேட்டுக் கொடுத்தேன் அக்கா, என் வாயால். அங்கிள் சுவரில் தொங்கிய சீன நாள்காட்டியைக் காட்டி, சீன மாதம் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும், நம் அமாவாசையும் பௌர்ணமியும்தான், தண்ணீர் பெருகும் என்றார். இரண்டில் இருட்டாக இருக்கும் நாள் எது என்று அடுத்த கேள்வி. அதையும் கேட்டுக் கொடுத்தேன். அந்த அங்கிள் என்னை விட்டுவிட்டு இவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மீன் பிடிக்கிறவனா என்று கேட்டார். படிக்கிற பிள்ளை என்றேன். அப்படியானால் சொல்லு, இந்த மாதங்களில் சின்னப் படகில் போகக்கூடாது, விடியற்காலையில் சுமத்திராப் பக்கமிருந்து காற்று வந்தால் பெரிய படகே ஒதுங்கும்லா என்றார். சொன்னேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஓர் ஆளை நோக்கி நடந்துவிட்டான்.

அந்த ஆள் பெயர் சுகுமாறன். காலேஜ் நண்பர், தற்செயலாகப் பார்த்தோம் என்றான். நாற்பது வயது இருக்கும், எந்தக் காலேஜில் நாற்பது வயதில் படிக்கிறார்கள்? என்னை அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டு, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, நிழலில் உட்காருங்கள் என்றார். நல்ல மனிதர் என்று நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பாலத்தின் கோடியில் அரை மணி நேரம் நின்றார்கள். அந்த ஆள் சதுப்புக் காட்டுப் பக்கம் கை நீட்டி நீட்டிக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் வேலாயுதம் துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டுகிறவர், உங்களுக்குத் தெரியும். அவருடைய பழைய மிதவைச் சட்டை ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும். புதன்கிழமை ஐங்கரன் அதைக் கேட்டிருக்கிறான். காலேஜில் நீச்சல் வகுப்பாம். இவர் என்னிடம் வந்து, எந்தக் காலேஜில் நீச்சல் குளம் இருக்கு புஷ்பா, அது கடைக்கு மேலே மூணு ரூம்தானே என்றார். மறுநாள் கெண்டினுக்கு லீவு சொல்லிவிட்டுக் காலேஜுக்குப் போனேன். மார்ச் மாதத்திலிருந்து அவன் வகுப்புக்கே வரவில்லை என்றார்கள். மாணவர் விசா மே மாதத்தோடு முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, என் கையைத் தொட்டுச் சொல்லு என்றேன். சொல்லிவிட்டான். வருகிற வியாழன் இல்லை, அதற்கடுத்த வியாழன், ஆடி அமாவாசை. அன்றைக்கு ஒரு சின்னப் படகில் பன்னிரண்டு பேர் சுமத்திராவுக்கு. அங்கிருந்து பெரிய படகில் ஆஸ்திரேலியாவுக்கு. சுகுமாறன்தான் ஏற்றிவிடுகிறவன். எங்கிருந்து ஏறுவது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை, சத்தியம் வாங்கியிருக்கிறானாம்.

அதோடு விடவில்லை அக்கா. உங்கள் மூத்த மகன் விமலன் பேரைச் சொல்லியிருக்கிறான் அந்தப் பாவி. பதிமூன்று வருஷத்துக்கு முன் இதே மாதிரிப் படகில் ஏறிப்போய், ஒரு தகவலும் இல்லாமல் போன பிள்ளையின் பேரை. அவன் சாயலில் ஒருவனை அந்தப் பக்கத்து முகாம் ஒன்றில் பார்த்தேன் என்றானாம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்குப் புத்தி எங்கே போச்சு? ஆனால் அண்ணன் என்று சொன்னதும் உங்கள் பிள்ளைக்குப் புத்தி போய்விட்டது.

நாங்கள் இரண்டு பேரும் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அவரே ஒரு மணி நேரம் பேசினார். கடலில் விழுந்தவனைத் தூக்கியிருக்கேன் தம்பி, நான் பார்த்ததை நீ பார்க்க வேண்டாம் என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றான். அந்த ஓமுக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

போலீஸில் சொன்னால் விசா இல்லாதவனைப் பிடித்து முகாமில் போடுவார்கள். வீட்டில் வைத்திருந்ததற்கு எங்களையும் கேட்பார்கள். அதனால் உங்களிடம் வருகிறேன். உங்கள் கையெழுத்தில் நாலு வரி எழுதி அனுப்புங்கள். போகாதே, வீட்டுக்கு வா என்று எழுதினால் போதும். வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டான், உங்களைக் கேட்பான். கூரியரிலேயே அனுப்புங்கள் அக்கா, நாள் இல்லை.

உங்கள் அன்புத் தங்கச்சி,
புஷ்பவல்லி.

*

பண்டமாரான், கிள்ளான்.
03.08.2025, ஞாயிறு.

தங்கரத்தினம் அக்காவுக்கு,

உங்கள் மகன் உயிரோடு, நல்ல சுகத்தோடு இருக்கிறான். என் மேல் நீங்கள் வைத்திருந்த அன்பு இந்தக் கடிதத்தோடு போய்விடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பியது அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை, கிடைத்தது. சந்தோஷமாக உறையைப் பிரித்தேன். பிள்ளை பிழைத்துவிட்டான், அம்மா எழுதிவிட்டாள் என்று நினைத்தேன்.

உங்கள் அழகான கையெழுத்தில், பயப்படாதே தங்கச்சி, எல்லாம் எனக்குத் தெரிந்துதான் நடக்குது என்று இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். சாத்திரம் பார்க்கிற ஓர் ஐயாவிடம் போய்க் கேட்டீர்களாம். விமலன் தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், கூடப்பிறந்தவன் போய்க் கூப்பிட்டால் திரும்பி வருவான் என்று அந்த ஐயா சொன்னாராம். மூன்று இடத்தில் கேட்டு மூன்று இடத்திலும் இருக்கிறான் என்றே சொன்னார்களாம். பிள்ளைக்குத் தண்ணீர் பழகட்டும் என்றுதான் கடல் காட்டச் சொன்னேன் என்று எழுதியிருந்தீர்கள். நான் என்னவோ உங்கள் பிள்ளைக்கு ஊர் ஞாபகத்தை ஆற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்! அந்த இடத்தைப் படித்தபோது உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை.

கூடவே சந்நிதி முருகன் கோயில் திருநீறு ஒரு பொட்டலம். படகு ஏறும் முன் நீயே உன் கையால் அவன் நெற்றியில் பூசி அனுப்பு என்றும் எழுதியிருந்தீர்கள்.

செத்துப்போனான் என்று எவர் சொல்லியும் விமலனுக்கு நீங்கள் ஒரு கிரியையும் செய்யவில்லை என்று ஐங்கரன் சொல்லியிருக்கிறான். அது உங்கள் மனசு, அதில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பிள்ளை பெறாத எனக்கு அதில் பேச வாயும் இல்லை. இருக்கிறான் என்று சொல்கிறவர்களிடம்தான் எந்தத் தாயும் திரும்பத் திரும்பப் போவாள். ஆனால் இருக்கிறவனை அனுப்பியா இல்லாதவனைத் தேடுவது?

உங்கள் கடிதத்தை அவனிடம் காட்டவில்லை. செவ்வாய் முழுக்கக் கெண்டினில் பிள்ளைகளுக்கு நாசி லெமாக் சோறு கட்டிக்கொடுத்துக்கொண்டே யோசித்தேன். புதன் மத்தியானம் என் வீட்டுக்காரரிடம், வண்டியை எடுங்க என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் வாக்குமூலம் கொடுத்தோம். விசா முடிந்தது, சுகுமாறன், அமாவாசை, பன்னிரண்டு பேர், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். எங்கிருந்து ஏறுகிறார்கள் என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றேன். கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் ஆறும் சதுப்பும்தான், எங்கே என்று தேடுவது என்று அந்த ஆபீசர் பெருமூச்சு விட்டார். வீட்டில் வைத்திருந்ததற்கு எங்கள் மேலும் விசாரணை இருக்கும் என்றார். இருக்கட்டும்.

வியாழக்கிழமை காலையில் ஐங்கரன் குளித்து, அப்பாவுக்காக விரதம் என்றான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். அம்மா இந்த நாளில் என்ன சமைப்பாள் என்று கேட்டேன். காத்தோட்டிக்காய் என்றான். அந்தக் காயை இங்கே எந்தப் பாசாரில் தேடுவேன்? கசப்புத்தானே என்று பாகற்காய் வறுத்தேன். பருப்பு, பூசணி, வாழைக்காய், பாயசம். காகத்துக்கு வைத்தான். உங்கள் கணவர் வல்லிபுரம் அண்ணன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தான். நான் இலை போட்டேன்.

வாசலுக்கு எதிரே வேறு வண்டிகளோடு ஒரு வெள்ளைக் கார் நின்றது. பிள்ளை விரதம், சாப்பிட்டு முடிக்கட்டும் சார் என்று போலீஸ்காரர்களிடம் காலையிலேயே கேட்டிருந்தேன். சரி என்றிருந்தார்கள். அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டான். பாகற்காய் நல்லா இருக்கு அன்ரி என்றான். நான் அகப்பையோடு அடுப்படிக்குள் போய்விட்டேன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு பரிமாற முடியவில்லை.

கை கழுவி வந்தவனை நிற்க வைத்துத் திருநீற்றைப் பூசினேன். நீங்கள் சொன்னபடி என் கையால்தான். அவன் குனிந்து என் காலைத் தொட்டான். போயிட்டு வாறன் அன்ரி என்றான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவேண்டாம். அவன் ஓடவில்லை, அவர்களும் அடிக்கவில்லை. காரில் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சாகும்வரை சுமக்க வேண்டும்.

இப்போது இமிகிரேஷன் முகாமில் இருக்கிறான். இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருகிறான். இரண்டாம் தடவை ஒன்று கேட்டான், அம்மாவுக்குச் சொல்லிட்டீங்களா என்று. கேஸ் முடிந்ததும் விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மாதங்கள் ஆகலாம். வந்து சேரும்போது அவன் இளைத்திருப்பான், அப்போது என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன் அவனுக்கு ஒரு கடிதம் போடுங்கள் அக்கா. நீ போகாததில் அம்மாவுக்குக் கோபம் இல்லை என்று எழுதுங்கள். மனசில் இல்லாவிட்டாலும் எழுதுங்கள். அண்ணனைக் கூட்டி வரமுடியாத பாவி என்று தன்னையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் உங்கள் பிள்ளை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

அமாவாசை கழிந்த சனிக்கிழமை காலையில் சுகுமாறன் என் வீட்டுக்காரர் போனுக்கு அழைத்தான். எங்கள் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை. நான்தான் எடுத்தேன். போலீஸுக்குப் போனீங்கன்னு தெரியும் அக்கா, பரவால்லலா, படகு அன்னைக்கே நேரத்துக்குப் போயிடுச்சு, உங்க பையன் இடத்துக்கு வேற ஆள் உடனே கிடைச்சான் என்றான். கோபம் இல்லை, மிரட்டலும் இல்லை. மீன் விலை சொல்வது போல் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்த நம்பரைப் போலீஸில் கொடுத்தோம். அது அன்றைக்கே செத்துப்போன நம்பர் என்றார்கள்.

இரண்டு நாளில் அக்கரையிலிருந்து போன் வரும் என்பது பேச்சாம். இன்றைக்குப் பத்தாம் நாள். பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடையில் வேலை செய்யும் லோகேஸ்வரி என்ற பெண்ணின் தம்பியும் அதில் போயிருக்கிறான். ஐங்கரனின் கூட்டாளியாம். அவள் எங்கள் முகவரியைத் தேடிப் பிடித்து நேற்று வந்தாள். உங்க வீட்டுப் பிள்ளையை மட்டும் காப்பாத்திக்கிட்டீங்களே அக்கா என்று கேட்டாள். இடம் தெரியவில்லையம்மா என்று சொன்னேன். அவள் காதில் அது ஏறவில்லை. டீ போட்டு வைத்தேன், அப்படியே இருந்தது. அவள் போன் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.

போன திங்கட்கிழமையே அவள் பூசாரி ஒருவரிடம் குறி கேட்டுவிட்டாளாம். தம்பி இருக்கிறான், தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்றாராம். விமலனைப் பற்றி உங்களிடம் சொன்ன அதே வார்த்தை.

அக்கா, தினமும் காலையில் விளக்கேற்றி அந்தப் படகு கரை சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் கும்பிடுகிறேன். சேர்ந்திருந்தால் நான் செய்தது துரோகம். ஐங்கரன் ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டான், நீங்களும் மன்னிக்கமாட்டீர்கள். அப்படியே ஆகட்டும், சேர்ந்திருக்கட்டும். நீங்களும் அங்கே அதையே வேண்டிக்கொள்ளுங்கள். உங்கள் மகன் இடத்தில் ஏறி உட்கார்ந்தானே ஒரு பிள்ளை, அவன் பேர் எனக்குத் தெரியாது. சாமியிடம் பேர் சொல்லாமல் எப்படிக் கேட்பது? ஐங்கரன் என்றே சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

புஷ்பவல்லி.